இரண்டாவது ஆல்பம் யாருடையது?

பாடகர் ஒருவர் இரண்டாவது ஆல்பத்துக்காக நம் ஸ்டூடியோ படியேறி வந்தால், முதல் ஆல்பத்தின் செஷனைத் திறந்து அதன் மேலேயே வேலையைத் தொடங்கும் பழக்கம் நமக்கு ஊறிப்போயிருக்கிறது. அதே ரிவெர்ப், அதே ஹார்மனி அடுக்கு, அதே அளவு ட்யூனிங். நேரம் மிச்சமாகிறது, உண்மைதான். ஆனால் முதல் ஆல்பத்தில் பாடகர் பெரும்பாலும் நாம் சொன்னதைக் கேட்டுப் பாடுகிறார். தனக்கு என்ன வேண்டும் என்று சொல்லும் தெளிவு இரண்டாவதில்தான் வருகிறது. அந்த நேரம் பார்த்துப் பழைய டெம்ப்ளேட்டை நீட்டினால் அவர் வாயை அடைத்த மாதிரிதான்.

இந்த இதழில் சித் ஸ்ரீராமின் இரண்டாவது ஆல்பமான 'சித்தார்த்'தை எடுத்துக்கொண்டதற்குக் காரணம் இதுதான். முதல் ஆல்பம் 'என்ட்ரோபி' 2019இல் வந்தது. 2023 ஆகஸ்டில் டெஃப் ஜாம் நிறுவனம் 'சித்தார்த்'தை வெளியிட்டது. அதற்குள் 'அடியே', 'தள்ளிப் போகாதே', 'மறுவார்த்தை', 'கண்ணான கண்ணே' என்று அவர் குரல் தமிழ்நாட்டின் எல்லா டீக்கடைகளிலும் ஒலித்துத் தீர்த்திருந்தது. அதே வார்ப்பில் பத்துப் பாட்டுப் பாடியிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அவரோ அமெரிக்காவின் மினியாபொலிஸுக்குப் போய், தமிழ் சினிமாவோடு எந்தத் தொடர்பும் இல்லாத ரையன் ஓல்சன் என்ற தயாரிப்பாளரோடு உட்கார்ந்தார். போன் இவெர் குழுவின் ஜஸ்டின் வெர்னனும் அதில் கைகோத்தார். பெரும்பாலும் ஆங்கிலப் பாட்டுகள். 'கண்ணான கண்ணே'யை எதிர்பார்த்துப் போனவர்களுக்கு ஏமாற்றமாக இருந்திருக்கலாம். சில இடங்களில் இசை குரலை அமுக்குகிறது என்பது என் எண்ணமும்கூட. ஆனாலும் கர்நாடக சங்கீதம் பயின்ற ஒரு தொண்டை, வளர்ந்த ஊரின் ஆர் அண்ட் பி இசைக்குள் தன் பிருகாக்களை விட்டுக்கொடுக்காமல் நுழைவதை அதில் கேட்க முடிகிறது. அந்த முடிவைப் பாடகரைத் தவிர வேறு யாரும் எடுத்திருக்க முடியாது.

எதிர்த் திசையில் ஓர் உதாரணம், கொலம்பியாவின் ஷகீரா. 1991இல் முதல் ஆல்பம் 'மாஹியா', 1993இல் இரண்டாவது 'பெலிக்ரோ'. அப்போது அவருக்கு வயது 16. சோனி நிறுவனம் வகுத்த பாணியிலேயே இரண்டாவதும் தயாரானது. விற்பனை படுத்துவிட்டது, அவருக்கே அது பிடிக்கவில்லை. மூன்றாவது ஆல்பத்தில்தான் தயாரிப்பில் தன் கை இருக்க வேண்டும் என்று பிடிவாதமாக நின்றார். 1995இல் வந்த அந்த 'பியெஸ் டெஸ்கால்சோஸ்' லத்தீன் அமெரிக்கா முழுவதும் அவரைக் கொண்டு சேர்த்தது. குரல் அதேதான். முக்கியமாக மாறியது, கன்சோல் பக்கம் இருந்தவர்கள் அவர் பேச்சைக் கேட்டார்களா என்பதுதான்.

கரையான்சாவடி, குமணன்சாவடி, ஆவடி வட்டாரத்துச் சின்ன ஸ்டூடியோக்களுக்கு இதெல்லாம் தூரத்துக் கதை என்று நினைக்க வேண்டாம். நம்மிடம் வருகிற அம்மன் பாட்டு, கானா, கிறிஸ்தவப் பாட்டு எல்லாமே தனி ஆல்பங்கள்தான். தந்தை பெர்க்மான்ஸின் 'ஜெபத்தோட்ட ஜெயகீதங்கள்' முப்பதுக்கும் மேற்பட்ட வால்யூம்களாக வளர்ந்த வழக்கம் நம்முடையது. சினிமாவுக்கு வெளியே தமிழில் ஆல்பம் என்ற வடிவத்தை உயிரோடு வைத்திருப்பதில் இந்தப் பக்திப் பாட்டுக்காரர்களுக்குப் பெரிய பங்கு உண்டு.

ட்யூனிங் விஷயத்துக்கு வருகிறேன். ஆட்டோ-ட்யூன் 1997இல் வந்தது. அதை உருவாக்கிய ஆண்டி ஹில்டபிராண்ட், எண்ணெய் தேடுவதற்கான நில அதிர்வுத் தரவுகளை அலசும் வேலையில் இருந்தவர். அதன் வழக்கமான அமைப்பு ஒரு ஸ்தாயியை 12 கட்டங்களாகப் பார்க்கிறது. தோடியின் காந்தாரத்தை அதில் போட்டுப் பாருங்கள். தாளில் அது சாதாரண காந்தாரம். பாடும்போதோ ரிஷபத்துக்கும் மத்தியமத்துக்கும் இடையே அசைந்துகொண்டே இருக்கும், காந்தாரத்தின் இடத்தில் நிலையாக நிற்காது. மென்பொருள் அந்த அசைவின் நடுவை ஒரு சுரமாகக் கணக்கிட்டுப் பக்கத்துக் கட்டத்துக்கு இழுக்கும், இல்லையென்றால் துண்டு துண்டாக வெட்டி ஒவ்வொன்றையும் நேராக்கும். இரண்டிலும் தோடி போய்விடும். கமகம் உள்ள சொற்றொடர்களில் திருத்தத்தை அணைத்துவிடுங்கள். பாடகர் வந்து இறங்குகிற சுரம் மட்டும் விலகியிருந்தால் அதை மட்டும் கையால் தொடுங்கள். எதுவும் தொடாத மூல டேக்கைத் தனி டிராக்கில் கட்டாயம் வைத்திருங்கள். எஃபெக்ட் வேண்டும் என்று பாடகரே கேட்டால் தாராளமாகப் போடலாம். நாமாகக் குரலைச் சலவை செய்வதுதான் எனக்கு ஆகாதது.

அடுத்தது, வரிவரியாக வெட்டிப் பாடவைக்கும் வழக்கம். சினிமாவில் சூழ்நிலையும் மெட்டும் முன்பே முடிவாகியிருப்பதால் அது செல்லும். தனி ஆல்பத்தில் பாட்டின் போக்கைப் பாடகர்தான் கண்டுபிடிக்க வேண்டும். தொடக்கம் முதல் முடிவு வரை நிறுத்தாமல் இரண்டு மூன்று தடவை பாடவிட்டு, அதன் பிறகு பஞ்ச் செய்யுங்கள்.

இதற்கெல்லாம் அவகாசம் எங்கே என்ற கேள்வி நியாயமானது. ஆவடி சாலை டிரங்க் ரோட்டில் வந்து சேரும் இந்த முனையில் பகல் முழுக்க லாரியும் பஸ்ஸும்தான். தலைக்கு மேலே மெட்ரோ பாலம் வேறு. பூந்தமல்லிக்கும் முல்லைத்தோட்டத்துக்கும் இடையே சோதனை ஓட்டம் 2025 மார்ச்சிலேயே நடந்தது. சுவரில் ஒட்டும் ஸ்பாஞ்ச் அறைக்குள் எதிரொலியைக் குறைக்கும், வெளியிலிருந்து வருகிற தாழ்ந்த உறுமலைத் தடுக்காது. அதற்குக் கனமான சுவரும், நடுவே இடைவெளி விட்ட இன்னொரு சுவரும், இடுக்கில்லாத கதவும் வேண்டும். அந்தச் செலவுக்கு வழியில்லாததால் இரவு பதினொன்றுக்கு மேல் ரெக்கார்டிங் வைக்கிறோம். களைத்த தொண்டையோடு அவசர அவசரமாக முடிக்கிறோம். பகலிலேயே ஒரு டைனமிக் மைக்கை வாய்க்கு நெருக்கமாக வைத்து ஒத்திகை டேக்குகளை எடுத்துப் பாருங்கள். தெருச் சத்தம் குரலுக்குப் பின்னால் வெகுவாக ஒதுங்கும். மைக்கேல் ஜாக்சன் 1982இல் 'த்ரில்லர்' பாடியது ஷூர் எஸ்எம்7 என்ற டைனமிக் மைக்கில்தான். ஒத்திகை என்று நினைத்து எடுத்த டேக்கே இறுதி டேக்காக நின்றுவிடவும் கூடும்.

உரிமை பற்றியும் சொல்ல வேண்டும். நம் சட்டப்படி ஒலிப்பதிவின் பதிப்புரிமை, அதைச் செய்ய முன்கையெடுத்துப் பொறுப்பேற்கும் தயாரிப்பாளருக்கு 60 ஆண்டுகள் இருக்கிறது. 2012 திருத்தத்துக்குப் பின் வணிகப் பயன்பாட்டில் பாடகருக்கும் ராயல்டி பெறும் உரிமை உண்டு. தன் கைக்காசைப் போட்டு ஆல்பம் செய்யும் பாடகர்தான் அங்கே தயாரிப்பாளர், ஸ்டூடியோ அல்ல. மாஸ்டர் யாருக்கு, ஸ்டெம்கள் யாரிடம் இருக்கும், எத்தனை நாளைக்கு வைத்திருப்போம் என்று ஒரு பக்கத் தாளில் எழுதி இருவரும் கையெழுத்துப் போடுங்கள். முதல் டேக்குக்கு முன்பே போடுங்கள். அப்படி ஒரு தாளின் மாதிரி இந்த இதழின் கடைசிப் பக்கத்தில் இருக்கிறது. நகலெடுத்து ரெக்கார்டிங் அறையில் வைத்துக்கொள்ளுங்கள்.