முட்டுக்கட்டை போடாதீர்கள்!

எங்கள் பக்கத்து வீட்டுக்காரர் ஒரு மட்டக்குதிரை வளர்க்கிறார். சரியான முரடு. அதன் மேல் ஏறப் போன என் பத்து வயது மகளை, இரண்டு முறை கீழே தள்ளி விட்டது. 'பொம்பளைப் பிள்ளைக்கு குதிரை எதுக்கு? கை, கால் உடைஞ்சா யார் கட்டிப்பாங்க?' என்று சத்தம் போட்டேன்.

அவள் விடவில்லை. பள்ளி விட்டு வந்ததும் புல் போடுவாள். முதுகைத் தேய்த்து விடுவாள். ஏற மட்டும் அவசரப்படவில்லை. மூன்று மாதத்தில், அவள் குரல் கேட்டாலே காதை நிமிர்த்தியது. இப்போது அவளைச் சுமந்து சமர்த்தாக நடக்கிறது.

கேரளா, திரூரைச் சேர்ந்த நிதா அஞ்சும், 2023ல் பிரான்சில் நடந்த, இளையோருக்கான உலக நெடுந்தூர குதிரை சவாரிப் போட்டியில், 120 கி.மீ., கடந்தார். அதை முடித்த முதல் இந்தியர் அவர்தான். அப்போட்டியில், ஒவ்வொரு கட்டத்திலும் கால்நடை டாக்டர் குதிரையின் நாடித்துடிப்பைப் பார்ப்பார். அது தணியாவிட்டாலோ, குதிரை நொண்டினாலோ வெளியேற வேண்டியதுதான். அடித்து விரட்டுபவர் அங்கே ஜெயிக்க முடியாது.

தாய்மார்களே... தலைக்கவசம் மாட்டி, பெரியவர் துணையோடு பழக விடுங்கள். என்னைப் போல், 'விழுந்திடுவே' என்று தடுக்காதீர்கள். விழுந்து எழுந்த பிள்ளைதான் தைரியமாக நிற்கும்!

– ஒரு வாசகி, ஏற்காடு.