கணனிப் பக்கம்: பழைய இலக்கமும் வேலை செய்யும்

எண்பதுகளில் இலண்டனுக்கு வந்து சேர்ந்தவர்களின் பழைய டயறிகளைப் புரட்டிப் பாருங்கள். ஒரே வீட்டின் தொலைபேசி இலக்கம் நாலு விதமாக எழுதி வெட்டப்பட்டிருக்கும். முதலில் 01. 1990 மே மாதத்தில் நகரின் நடுப்பகுதிக்கு 071, வெளிப்பகுதிக்கு 081 என்று பிரித்தார்கள். 1995 ஏப்ரலில் அவை 0171, 0181 ஆகின. 2000ஆம் ஆண்டில் 020 வந்தது. இங்கிருந்தவர்களுக்கு அது விளம்பரங்களில் தெரிந்தது. ஊரில் அம்மாவின் கொப்பியில் எழுதியிருந்த இலக்கத்தை யார் திருத்துவது? கொழும்புக்கு வந்து காசு கட்டி அழைப்பு எடுப்பவர், பிள்ளை வீடு மாறிவிட்டதோ, வேறு ஏதும் நடந்துவிட்டதோ என்று தெரியாமல் திரும்ப வேண்டியதுதான்.

1995 மாற்றத்துக்கு நல்லதொரு ஒழுங்கு செய்திருந்தார்கள். 1994 ஓகஸ்ட் தொடக்கம் பழைய குறியீடும் புதியதும் சேர்ந்தே வேலை செய்தன. ஆனால் அதற்கும் ஒரு கடைசி நாள் இருந்தது.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், கடை வைத்திருக்கும் வாசகர் ஒருவர் கேட்டிருந்தார்: "என் கணனியில் லினக்ஸ் போட்டிருக்கிறது. அப்டேட் செய்யச் சொல்லிக் கேட்டபடி இருக்கிறது. பத்து வருடத்துக்கு முன் ஒரு தம்பி எழுதித் தந்த கணக்குப் புறோகிறாம் அதற்குப் பிறகு ஓடுமா?" பயம் நியாயமானது. அந்தத் தம்பி இப்போது எங்கே இருக்கிறாரோ!

கணனியின் நினைவகம், வட்டு, திரை எதையும் ஒரு புறோகிறாம் நேரே தொட முடியாது. நடுவில் கேர்னல் என்ற கருப்பகுதி இருக்கிறது. எது வேண்டுமானாலும் அதனிடம்தான் கேட்கவேண்டும். ஒவ்வொரு கேள்விக்கும் ஓர் இலக்கம் உண்டு. இன்றைய 64 பிற் இன்ரெல், ஏஎம்டி கணனிகளில் ஓடும் லினக்ஸில் வாசிக்க 0, எழுத 1, கோப்பைத் திறக்க 2. இந்த இலக்கங்கள் புறோகிறாமுக்குள்ளோ அது துணைக்கு வைத்திருக்கும் நூலகத்துக்குள்ளோ பதிந்துவிடுகின்றன. அம்மாவின் கொப்பி மாதிரித்தான். உலகில் எந்தக் கடையில், எந்தக் கொப்பியில் எந்த இலக்கம் எழுதியிருக்கிறது என்று கேர்னல் எழுதுபவருக்குத் தெரியாது.

1991இல் ஹெல்சிங்கிப் பல்கலைக்கழக மாணவராக லினக்ஸைத் தொடங்கிய லீனஸ் தோர்வால்ட்ஸ் இதில் விடாப்பிடியானவர். நேற்று ஓடிய புறோகிறாம் இன்று கேர்னல் மாறியதால் ஓடவில்லை என்றால் பிழை கேர்னலுடையது. புறோகிறாம் எழுதியவர் முட்டாள்தனமாக எழுதியிருந்தாலும் அப்படித்தான். பழையதை மாற்றாமல் பக்கத்தில் புது இலக்கம் ஒன்றைச் சேர்ப்பதுதான் அங்கு வழக்கம். கடைசி நாள் என்று ஒன்று குறிப்பதில்லை.

கோப்பைத் திறக்கும் அழைப்பையே பாருங்கள். இங்கு வந்து படிவம் நிரப்பிக் கை நொந்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். பழைய 2ஆம் இலக்கக் கவுண்டரில் இருந்தவர், தமக்குத் தெரியாத கட்டத்தில் யாராவது புள்ளடி போட்டிருந்தால் கவனிக்காமல் விட்டுவிடுவார். நல்ல மனுசன்தான், ஆனால் அதுவே வினையாகிவிட்டது. கவனக்குறைவாகப் புள்ளடி போட்ட புறோகிறாம்கள் ஒரு குறையுமில்லாமல் ஓடின. நாளைக்கு அந்தக் கட்டத்துக்கு ஒரு கருத்துக் கொடுத்தால் அவை கேட்காத ஒன்று நடந்துவிடும். பின்னர் 257ஆம் இலக்கத்தில் வந்த அழைப்பும் இதே பழக்கத்தைத் தொடர்ந்தது. ஆகவே 2020இல் லினக்ஸ் 5.6உடன் 437 என்ற புது இலக்கத்தைத் திறந்தார்கள். தெரியாத கட்டத்தில் புள்ளடி இருந்தால் இது படிவத்தைத் திருப்பிக் கொடுத்துவிடும். படிவத்தின் நீளத்தையும் சொல்லச் சொல்லும். பழைய, கட்டையான படிவம் என்றால் மிச்சக் கட்டங்கள் வெறுமை என்று எடுத்துக்கொள்ளும். தனக்குத் தெரிந்ததிலும் நீளமான படிவம் வந்தால், மேலதிகக் கட்டங்கள் வெறுமையாக இருக்கும்வரை ஏற்றுக்கொள்ளும். 2உம் 257உம் பழையபடியே திறந்திருக்கின்றன.

நேரம் சொல்லும் அழைப்பிலும் இதே கதை. பழைய 32 பிற் கணனிகள் 1970 ஜனவரி 1 முதல் கடந்த நொடிகளை எண்ணுகின்றன. அந்த எண்ணிக்கை 2,147,483,647க்கு மேல் போகாது. 2038 ஜனவரி 19, கிறீனிச் நேரம் அதிகாலை 3:14:07க்கு அது நிரம்பும். அடுத்த நொடி 1901 டிசம்பர் என்று காட்டும். 265ஆம் இலக்க அழைப்பைப் பெரிதாக்கியிருந்தால் அதை நம்பியிருந்த எல்லாமே குழம்பியிருக்கும். 2019இல் 5.1 வெளியானபோது 403 என்று வேறோர் அழைப்பைச் சேர்த்தார்கள்.

சிரிப்பான சங்கதி ஒன்றும் உண்டு. 2011இல் 2.6.39க்கு அடுத்ததாக 3.0 என்று பெயர் வைத்தார்கள். பெயர் மட்டும்தான் மாற்றம். அதற்கே சில புறோகிறாம்கள் விழுந்தன, பதிப்பு 2.6 என்று தொடங்கும் என்று அவை எண்ணியிருந்தன. அவற்றுக்காக, "நான் இன்னும் 2.6தான்" என்று பொய் சொல்லும் ஏற்பாடு ஒன்றைக் கேர்னலுக்குள்ளேயே வைத்தார்கள்.

ஒன்றுமே அகற்றப்படுவதில்லை என்றும் இல்லை. பாவிப்பவர் எவரும் இல்லை என்று கண்டால் அகற்றுவார்கள். 156ஆம் இலக்க அழைப்பு, பல வருட எச்சரிக்கைக்குப் பிறகு, 2020இல் வந்த 5.5இல் நீங்கியது. அந்த இலக்கத்தை வேறு எதற்கும் கொடுக்கவில்லை.

இந்த வாக்குறுதி கேர்னலுக்கு வெளியே இருக்கும் புறோகிறாம்களுக்கு மட்டும். கேர்னலுக்குள் ஒட்டி ஓடும், உற்பத்தியாளர் தனியாகத் தரும் சாதன இயக்கிகளுக்கு அது பொருந்தாது. அங்கே உள்வேலை விரும்பியபடி மாறும். நூலகங்களும் தங்கள்பாட்டுக்கு மாறக்கூடும்.

ஆகவே கடைக்கார அண்ணா, கேர்னலால் உங்கள் கணக்குக் கெடும் என்று பயப்படத் தேவையில்லை. ஆனாலும் கணக்குக் கோப்புகளை முதலில் ஒரு வெளி வட்டில் பிரதி எடுத்து, அது திறக்கிறதா என்றும் பாருங்கள். சனிக்கிழமை வியாபார நேரத்தில் அப்டேட்டைத் தொடாதீர்கள்; கடை பூட்டிய பிறகு செய்யுங்கள். உபுண்டு, பெடோரா போன்றவை முந்திய கேர்னலையும் வட்டில் வைத்திருக்கும். ஏதும் பிசகினால், கணனி தொடங்கும்போது வரும் பட்டியலில் பழையதைத் தெரிவுசெய்து அன்றைய கணக்கை முடித்துவிடலாம்.