நாளேட்டில் மென்பொருள் வேலை: போகலாமா?



"எலக்ட்ரானிக் சிட்டியில் வேலை கிடைத்துவிட்டது" என்று பிள்ளை சொன்னால் ஓசூரில் எந்த வீடும் மகிழும். "செய்தித்தாள் அலுவலகத்தில் மென்பொருள் எழுதக் கூப்பிடுகிறார்கள்" என்றாலோ அதே வீட்டில் முகங்கள் வாடும். "மண்குதிரையை நம்பி ஆற்றில் இறங்குவதா?" என்று பெற்றோர் கேட்பர். அக்கேள்வியை நாம் எளிதாகத் தள்ளிவிட இயலாது.

1882-இல் ஜி. சுப்பிரமணிய ஐயர் தொடங்கிய சுதேசமித்திரன், தமிழருக்கு நாட்டு விடுதலையின் அரிச்சுவடியாக விளங்கியது. இன்று அவ்வேடு இல்லை. 1995-லேயே இணையத்தில் அடியெடுத்து வைத்த 'இந்து' நாளேடும், கொரோனா பரவிய 2020-இல் தன் மும்பைப் பதிப்பை நிறுத்த நேர்ந்தது. வாசகர் தரும் விலையைக்கொண்டு மட்டும் ஏடு நடத்த முடியாது. குறையை நிரப்பி வந்தது விளம்பரம். அப்பணத்தில் பெரும்பங்கு இன்று கூகுளுக்கும் ஃபேஸ்புக்குக்கும் போய்ச் சேருகிறது.

ஆயினும், ஏடுகள் மறைந்தால் நாம் எதை இழப்போம்? 2023 ஜூலையில் கிருஷ்ணகிரியில் பட்டாசுக் கிடங்கு வெடித்து உயிர்கள் பலியாயின. அவ்வாண்டு அக்டோபரில், எல்லைக்கு அப்பால் அத்திப்பள்ளியில் பட்டாசுக் கடை எரிந்தபோது, தீபாவளி வேலைக்குச் சென்றிருந்த தமிழ்நாட்டு இளைஞர் பலர் மாண்டனர். உரிமம் யாருக்கு, எவ்வளவு சரக்குக்கு, கடைசியாக ஆய்வு நடந்தது எப்போது என்று இரு மாநிலக் கோப்புகளையும் புரட்டிப் பார்க்க ஆள் வேண்டும். தீப்பிடித்த மறுநாள் எழுதுவது எளிது. தீப்பிடிக்குமுன் எழுதுவதே அரிது. கைப்பேசியில் உலவும் வதந்தி அவ்வேலையைச் செய்யாது.

கணினி கற்றவரின் துணை இங்கேதான் தேவைப்படுகிறது. 2016-இல் வெளியான பனாமா ஆவணங்கள் 1 கோடியே 15 லட்சம். ஒருவர் ஆயுள் முழுதும் அமர்ந்தாலும் படித்து முடியாத குவியல் அது. அதனைத் தேடிப் பார்க்கத்தக்கதாக ஒழுங்குசெய்து கொடுத்தவர்கள் மென்பொருளாளர்கள். அதைக்கொண்டே நம் நாட்டு 'இந்தியன் எக்ஸ்பிரஸ்' உட்பட உலகெங்கும் உள்ள ஏடுகள் மறைந்து கிடந்தவற்றை வெளிக்கொணர்ந்தன. நம் மாவட்டத்து உரிமப் பட்டியல்களுக்கும் அத்தகைய கைகள் தேவை.

நாளேட்டில் சேர்ந்தால் கற்ற வித்தை துருப்பிடித்துவிடும் என்று அஞ்சவும் வேண்டாம். இணையத்தளம் அமைப்போர் உலகெங்கும் கையாளும் 'ஜாங்கோ' என்னும் மென்பொருள், அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலத்தில் லாரன்ஸ் என்னும் சிறு நகரத்து நாளேட்டு அலுவலகத்தில் 2003-இல் உருவானதேயாகும். செய்தியை உடனுக்குடன் தரவேண்டிய நெருக்கடியில் பிறந்த பிள்ளை அது.

அப்படியாயின், அனைவரும் போகவேண்டுமோ? கல்விக்கடன் கழுத்தை நெரிக்க, தங்கையின் படிப்பும் தந்தையின் மருந்தும் ஒரே சம்பளத்தை நம்பியிருக்க, கூடுதல் ஊதியத்தை ஏற்பதே கடமை. அவ்வாறு செய்பவரை எவரும் குறைகூற வேண்டாம்.

தோளில் சுமை குறைந்த இளைஞரோ மூன்று வினாக்களைக் கேட்டறிந்து முடிவு செய்யட்டும். அங்குள்ளோருக்கு மாதந்தோறும் தவறாமல் சம்பளம் வருகிறதா? ஆசிரியர் குழுவோடு அமர்ந்து வேலைசெய்ய இடம் உண்டா, அல்லது பழுது பார்க்க மட்டும் அழைப்பார்களா? நாம் எழுதும் மென்பொருள் உண்மையை எடுத்துச் செல்லவா, பரபரப்புத் தலைப்பைக் காட்டி ஆள் பிடிக்கவா? முதலிரண்டில் குறையிருப்பின் பேசித் தீர்க்கலாம். மூன்றாவதில் குறையிருப்பின், எவ்வளவு கொடுத்தாலும் அவ்வேலை வேண்டாம்.

மூன்றுக்கும் நல்ல விடை கிடைத்தால், இரண்டு மூன்று ஆண்டுகளேனும் அங்கு உழைத்துப் பார்ப்பது தகும். பெற்றோரே, அப்படிப் புறப்படும் பிள்ளையைத் தடுக்காதீர்கள். சம்பளச் சீட்டில் தொகை சற்றுக் குறையலாம். ஆனால், நம் பகுதியில் அடுத்த கிடங்கு வெடிக்குமுன் எச்சரிக்கும் செய்தி ஒன்று, அப்பிள்ளையின் உழைப்பால் வெளிவரக்கூடும்.