'பேஸ்' என்றால் வேகம்தானா?

கிரிக்கெட் பார்க்கிற தமிழருக்கு 'பேஸ்' என்ற ஆங்கிலச் சொல்லை யாரும் கற்றுக்கொடுக்க வேண்டியதில்லை. பேஸ் பவுலர் என்றால் வேகப்பந்து வீச்சாளர். ஆகவே பேஸ் என்றால் வேகம். கணக்கு முடிந்தது! (தமிழ் எழுத்தில் எழுதினால் முகமும் அடித்தளமும்கூட 'பேஸ்' ஆகிவிடும் கூத்து தனி.)

ரஷ்யருக்கு இந்தக் கிரிக்கெட் வசதி கிடையாது. அவர் ஆங்கில-ரஷ்ய அகராதியைத்தான் புரட்ட வேண்டும். அங்கே இந்தக் குட்டிச் சொல்லுக்கு எதிரே ஒரு பெரிய வரிசையே நிற்கும். ஷாக், தெம்ப், ஸ்கோரஸ்த், பஹோத்கா, ஈனஹத்... நடுநடுவே காற்புள்ளிகள். ('ஷாக்' என்பது மின்சார ஷாக் அல்ல. ரஷ்ய மொழியில் காலடி என்று பொருள்.) எல்லாம் ஒன்றுதான், எதை வேண்டுமானாலும் எடுத்துக்கொள் என்று சொல்வதுபோல இருக்கும் அந்தக் காற்புள்ளிகள். உண்மையில் ஒன்றின் இடத்தில் இன்னொன்றை வைத்தால் வாக்கியமே கவிழ்ந்துவிடும். ஷாக் என்பது எடுத்து வைக்கிற ஒரு காலடி. தெம்ப் என்பது ஒரு வேலை நடக்கிற கதி. ஸ்கோரஸ்த் என்பது மணிக்கு இத்தனை கிலோமீட்டர் என்று அளக்கிற வேகம். பஹோத்கா என்பது ஒரு ஆள் நடக்கிற தினுசு. ஈனஹத் குதிரைக்கு உரியது, அதைக் கடைசியில் பார்க்கலாம்.

இத்தனையையும் ஆங்கிலம் எப்படி ஒரே சொல்லில் அடக்கியது? சொல்லின் பூர்வீகத்தைப் பார்த்தால் புரியும். லத்தீனில் 'பாஸுஸ்' என்றால் காலடி. ரோமானியர்கள் அதையே நீட்டல் அளவையாகவும் வைத்திருந்தார்கள். அவர்கள் கணக்கில் ஒரு பாஸுஸ் என்பது ஐந்து அடி, கிட்டத்தட்ட 1.48 மீட்டர். அவ்வளவு நீளமாக யார் கால் வைக்க முடியும் என்று கேட்கலாம். ஒரு கால் தரையை விட்டுக் கிளம்பி, மறுபடி அதே கால் தரையைத் தொடும் வரை உள்ள தூரம் அது. அதாவது இரண்டு எட்டு. அப்படி ஆயிரம் பாஸுஸ் சேர்ந்தது ஒரு மைல். 'மைல்' என்ற சொல்லே லத்தீனில் ஆயிரத்தைக் குறிக்கும் 'மில்லெ' என்பதிலிருந்து வந்ததுதான். இந்தப் பாஸுஸ் பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குள் வந்து 'பேஸ்' ஆனது. முதலில் காலடி, பிறகு காலடியால் அளந்த தூரம், பிறகு காலடி விழுகிற கதி என்று பொருள் வளர்ந்துகொண்டே போனது. கிரிக்கெட் பந்து வந்து சேர்ந்தது வெகு பிற்பாடு.

ரஷ்ய மொழி இந்த வளர்ச்சியை ஒரே சொல்லில் சுமக்கவில்லை. காலடியைக் காலடியாகவே வைத்துக்கொண்டது. கதிக்கு ஐரோப்பாவிலிருந்து 'தெம்ப்' என்று தனியே ஒரு சொல்லை வாங்கிக்கொண்டது. இசையில் 'டெம்போ' என்கிறோமே, அதே குடும்பம்தான். அதனால் ஆங்கிலத்திலிருந்து மொழிபெயர்க்க உட்காரும் ரஷ்யர் ஒவ்வொரு முறையும் ஒரு கேள்வி கேட்டே ஆகவேண்டும். இங்கே எண்ணப்படுவது காலடியா, அளக்கப்படுவது கதியா, வருணிக்கப்படுவது நடையா? ஆங்கிலேயர் இந்தக் கேள்வியைக் கேட்காமலே ஒரு ஆயுளை ஓட்டிவிடலாம்.

கேட்காவிட்டால் என்ன குடி முழுகிவிடும் என்றால், சில இடங்களில் உயிரே போகும். ரஷ்ய இலக்கியத்தில் துப்பாக்கிச் சண்டைகள் ஏராளம். 1828-ல் வெளியான 'யெவ்கேனி அனேகின்' ஆறாம் அத்தியாயத்தில் நடுவர் இருவருக்கும் நடுவே 32 ஷாக் அளந்து நிறுத்துகிறார். இருவரும் ஒருவரை நோக்கி ஒருவர் நடக்கிறார்கள். எத்தனை காலடி வைத்தார்கள் என்பதைப் புஷ்கின் எண்ணி எண்ணிச் சொல்கிறார். ஒன்பது ஆண்டுகள் கழித்து, 1837 ஜனவரியில் (பழைய ரஷ்ய நாட்காட்டிப்படி), பீட்டர்ஸ்பர்க் அருகே 'கறுப்பு ஓடை' என்ற இடத்தில் அதே புஷ்கின் தாந்தெஸ் என்பவர் எதிரே துப்பாக்கியுடன் நின்றார். முன்கூட்டியே எழுதிவைத்த நிபந்தனைகளின்படி எதிராளிகள் 20 ஷாக் தள்ளி நிற்க வேண்டும். இரண்டு எல்லைக்கோடுகளுக்கு நடுவே 10 ஷாக். கோடு வரை நடந்து வரலாம், நடக்கும்போதே சுடலாம். தாந்தெஸ் கோட்டைத் தொடும் முன்பே சுட்டார். வயிற்றில் குண்டு பாய்ந்த புஷ்கின் இரண்டு நாளில் இறந்தார்.

இந்த 10 ஷாக் ஆங்கிலத்தில் 10 பேஸ் ஆகிறது. தவறில்லை. ஒரு காலடி முக்கால் மீட்டர் என்றால் ஏழரை மீட்டர். ஒரு பஸ்ஸின் நீளம்கூட இல்லை! அகராதியைப் பார்த்துவிட்டு ரோமானியக் கணக்கில் போகிற வாசகருக்கு அதே இடைவெளி இரண்டு மடங்காகிவிடும், பாவம், தப்பிக்க வழி இருந்ததே என்றும் தோன்றும். தமிழில் இதற்கு அருமையான சொல் இருக்கிறது: தப்படி. 'பத்துத் தப்படி தள்ளி நின்றான்' என்றால் கிராமத்துப் பெரியவருக்கும் தூரம் கண்ணில் தெரியும். ஆனால் பேஸ் என்றாலே வேகம் என்று பழகியவர்களுக்கு இந்தச் சொல் சட்டென்று நினைவுக்கு வருவதில்லை.

ஓட்டப் பந்தயக்காரர்கள் விஷயத்தில் சிக்கல் தலைகீழ். அவர்களுடைய பேஸ், ஒரு கிலோமீட்டரை ஓட எத்தனை நிமிடம் என்ற கணக்கு. ரஷ்யர் இதைத் தெம்ப் என்பார், ஸ்கோரஸ்த் என்று சொல்லமாட்டார். காரணம் எளிது. ஐந்து நிமிடத்துக்கு ஒரு கிலோமீட்டர் என்றால் மணிக்கு 12 கிலோமீட்டர். ஆறு நிமிடம் என்றால் மணிக்கு 10 கிலோமீட்டர்தான். பேஸ் எண் ஏறினால் வேகம் இறங்குகிறது! இங்கே போய் 'வேகம் ஐந்திலிருந்து ஆறாக உயர்ந்தது' என்று எழுதினால் களைத்துப் போனவருக்குக் கைதட்டுகிற கதையாகிவிடும்.

மரபுத்தொடர்கள் இன்னும் வேடிக்கை. ஆங்கிலேயருக்கு மெதுவாகப் போவது நத்தை. ரஷ்யருக்கு ஆமை, 'செரெபாஷிம் ஷாகம்', அதாவது ஆமைக் காலடியில். தமிழரும் ஆமைக் கட்சிதான். ஆக, நத்தையை இறக்கிவிட்டு ஆமையை ஏற்றுவதில் ரஷ்யருக்கும் தமிழருக்கும் தகராறே இல்லை. யோசனையோடு அறைக்குள் குறுக்கும் நெடுக்கும் நடப்பதற்கு ஆங்கிலத்தில் இதே பேஸ் வினைச்சொல் ஆகிவிடுகிறது. ரஷ்யர் மூலையிலிருந்து மூலைக்கு நடந்தான் என்பார். 'ஈடுகொடுத்தல்' என்ற பொருளில் வரும் தொடருக்குத்தான் கொஞ்சம் கவனம் வேண்டும். காலத்தோடு ஈடுகொடுப்பவரை ரஷ்யர் 'இத்தி வ்நோகு' என்பார், அதாவது சிப்பாய்கள்போலக் காலுக்குக் கால் சேர்த்து நடப்பது. ஆனால் 'விலைவாசிக்குச் சம்பளம் ஈடுகொடுக்கவில்லை' என்கிற இடத்தில் சம்பளத்தையும் விலைவாசியையும் அணிவகுத்து நடக்கவிட்டால் சிரிப்புத்தான் வரும். அங்கே சம்பளம் பின்தங்கிவிட்டது என்று நேராகச் சொல்வதுதான் ரஷ்ய வழக்கம். இதயத்துக்கு வைக்கும் பேஸ்மேக்கரில் ரஷ்யருக்கு நடையும் இல்லை, கதியும் இல்லை. 'கார்தியோஸ்திமுல்யாதர்', இதயத் தூண்டி. அவ்வளவுதான்.

தெம்ப் என்ற சொல் இவ்வளவு சாதுவாகவே இருந்துவிடவில்லை. 1928-ல் சோவியத் யூனியனில் முதல் ஐந்தாண்டுத் திட்டம் தொடங்கிய பிறகு அது நாட்டின் மந்திரச் சொல்லாகிவிட்டது. நிக்கலாய் பகோதின் 1929-ல் எழுதிய நாடகத்தின் தலைப்பே 'தெம்ப்'. 1932-ல் வந்த வலந்தீன் கத்தாயெவின் 'காலமே, முன்னே செல்!' நாவல் மக்னிதகோர்ஸ்க் நகரில் ஒரே நாளில் கான்கிரீட் கலப்பதில் சாதனை படைக்கும் தொழிலாளர்களைப் பற்றியது. 1931 பிப்ரவரியில் தொழில்துறை நிர்வாகிகளிடம் பேசிய ஸ்டாலின், தெம்பைக் கொஞ்சம் குறைக்கலாமே என்ற கோரிக்கையை அடியோடு மறுத்தார். முன்னேறிய நாடுகளைவிட ஐம்பது முதல் நூறு ஆண்டுகள் பின்தங்கியிருக்கிறோம், அதைப் பத்தே ஆண்டில் கடந்தாக வேண்டும் என்பது அவர் வாதம். அதே ஆண்டுகளில்தான் விவசாயக் கூட்டுப்பண்ணைகளும் அதே அவசரத்தில் திணிக்கப்பட்டன. 1932-33 பஞ்சத்தில் உக்ரைனிலும் கஜகஸ்தானிலும் பல லட்சம் பேர் செத்தார்கள்.

ஆங்கில வரலாற்றுப் புத்தகங்களில் இந்தத் தெம்ப் பெரும்பாலும் 'பேஸ்' ஆகிவிடுகிறது. அகராதிப்படி குற்றம் சொல்ல முடியாது. ஆனால் பேஸ் என்ற சொல்லின் அடியில் இன்னும் ஒரு மனிதக் கால் இருக்கிறது. கால் என்றால் வலிக்கும், களைக்கும், உட்கார்ந்துவிடும். தெம்பில் அப்படி ஒரு கால் கிடையாது. அது இயந்திரத்துக்கும் பொருந்தும், புள்ளிவிவரத்துக்கும் பொருந்தும். யாருடைய நடை என்று அதைப் பார்த்துக் கேட்கவே முடியாது. அந்தக் காலத்து மேடைகளுக்கு அது இவ்வளவு வசதியாகப் போனதில் ஆச்சரியமில்லை. ஷாக் என்று பேசியிருந்தால், கால் யாருடையது என்று எவராவது கேட்டிருக்கக்கூடும். இந்த வேறுபாடு ஆங்கிலத்தில் கரைந்துவிடுகிறது என்பது சின்ன இழப்பல்ல.

தமிழ் வாசகருக்கு இதனால் என்ன? இருக்கிறது. டால்ஸ்டாய், தாஸ்தயெவ்ஸ்கி, செகாவ் என்று தமிழில் வந்த ரஷ்ய எழுத்தில் கணிசமான பகுதி ஆங்கிலம் வழியாக வந்ததுதான். மாஸ்கோவின் முன்னேற்றப் பதிப்பகத்துக்காக ரஷ்ய மொழியிலிருந்தே நேரடியாகத் தமிழாக்கிய பூ. சோமசுந்தரம் போன்றவர்கள் இருந்தார்கள் என்பதும் உண்மை. ஆங்கில வழியில் வரும்போது ரஷ்யர் பிரித்து வைத்த ஷாக்கும் தெம்பும் பஹோத்காவும் ஒரே பேஸ் என்ற பைக்குள் போய் விழுகின்றன. பையைத் தமிழில் அவிழ்ப்பவர் எது எது என்று மறுபடி பிரித்தாக வேண்டும். மூலம் கையில் இல்லை. அகராதியோ காற்புள்ளிகளைத்தான் காட்டும். 'இருபது பேஸ்' என்று எண் இருந்தால் பிழைத்துக்கொள்ளலாம், யாரும் இருபது வேகம் என்று எழுதிவிடமாட்டார்கள். 'கிழவனின் மெதுவான பேஸ்' என்று வந்தால்? மெதுவான வேகம் என்று எழுதுவது சுலபம். ஆனால் ரஷ்ய மூலத்தில் அது பஹோத்காவாக இருந்திருந்தால், அந்த இடத்தில் ஆசிரியர் காட்டியது கிழவன் எப்படி நடந்தான் என்பதை. தள்ளாடினானா, காலை இழுத்தானா, கம்பீரமாக வந்தானா என்பதெல்லாம் 'வேகம்' என்ற ஒரு சொல்லில் காணாமல் போகும். 'நடை' என்று எழுதியிருந்தாலே பாதி பிழைத்திருக்கும்.

இந்த இடத்தில்தான் குதிரை வருகிறது. ஈனஹத் என்பது குதிரையின் ஒருவகை நடை. வலப்பக்கத்து இரண்டு கால்களும் சேர்ந்து முன்னே போகும், பிறகு இடப்பக்கத்து இரண்டும். ஒட்டகம் நடப்பது இப்படித்தான். மேலே இருப்பவரை இது அவ்வளவாகத் தூக்கிப்போடாது என்பதால் நெடுந்தூரச் சவாரிக்கு இப்படிப்பட்ட குதிரைக்கு மதிப்பு அதிகம். ஆங்கிலத்தில் இந்த நடைக்கும் பெயர் பேஸ்தான்! இப்படி நடக்கிற குதிரை ரஷ்ய மொழியில் 'இனஹோதெத்ஸ்', ஆங்கிலத்தில் 'பேஸர்'.

கிர்கீஸிய எழுத்தாளர் சிங்கிஸ் ஐத்மாத்தவ் 1966-ல் ரஷ்ய மொழியில் வெளியிட்ட குறுநாவலின் நாயகன் அப்படிப்பட்ட ஒரு குதிரை. 'குல்சாரி' என்ற பெயரில் தமிழிலும் வந்து பலரை அழவைத்த கதை. இளமையில் பந்தயங்களில் யாரும் தொட முடியாத இனஹோதெத்ஸ் அது. கூட்டுப்பண்ணைத் தலைவர் அதைத் தன் சவாரிக்கென்று எடுத்துக்கொள்கிறார். தளையை அறுத்துக்கொண்டு அது மந்தைக்கே ஓடி ஓடி வருகிறது. கடைசியில் காயடித்துவிடுகிறார்கள். அதை வளர்த்த தனபாயும் கட்சியிலிருந்து வெளியேற்றப்படுகிறான். கதை நடப்பது இருவருக்கும் வயதான பிறகு, ஓர் இரவில். வண்டியை இழுக்க முடியாமல் குல்சாரி நடுவழியில் நிற்கிறது, தனபாய் பக்கத்தில் இருக்கிறான், விடியும்போது குதிரை இறந்துவிடுகிறது.

ஆங்கிலத்தில் குல்சாரியின் பழைய புகழும் பேஸ்தான், கடைசி இரவில் அது தட்டுத்தடுமாறி எடுத்து வைக்கும் அடியும் பேஸ்தான். ரஷ்ய மொழியில் முதலாவது ஈனஹத், இரண்டாவது வெறும் ஷாக். ஒரு சொல்லிலிருந்து இன்னொரு சொல்லுக்கு இறங்கி வருவதற்குள் ஒரு குதிரையின் ஆயுளும், கூடவே ஒரு மனிதனின் ஆயுளும் போய்விட்டன. ஆங்கிலப் பிரதியை வைத்துக்கொண்டு தமிழாக்குபவர் இரண்டு இடத்திலும் 'வேகம்' என்று போட்டால், முதல் வேகத்துக்கும் இரண்டாவது வேகத்துக்கும் நடுவே குல்சாரி எதை இழந்தது என்பது வாசகருக்குத் தெரியவே தெரியாது.