கிளாஸ் கன்ட்ரோல்: ஒரு தப்புக் கணக்கு

போன மாதம் ஒரு பணியிடைப் பயிற்சிக்குக் கருத்தாளராகப் போயிருந்தேன். டீ இடைவேளையில், வேலைக்குச் சேர்ந்து ஓராண்டுகூட ஆகாத கணித ஆசிரியை ஒருவர் ஒதுக்குப்புறமாக வந்து நின்றார். “ஒன்பதாம் வகுப்புக்குள்ள நுழையணும்னாலே வயித்தக் கலக்குது சார். ஸ்டாஃப் ரூம்ல சொல்லவும் முடியாது. கிளாஸ் கன்ட்ரோல் இல்லாத டீச்சர்னு பேர் வந்துடும்” என்றார். பிள்ளைகளின் அட்டகாசத்தைவிட, அதை வெளியே சொல்ல முடியாத பயம்தான் அவரை அதிகம் அரித்துக்கொண்டிருந்தது.

நம் பள்ளிகளில் ஆசிரியரை வராந்தாவில் வைத்தே எடைபோட்டுவிடுகிறார்கள். தலைமையாசிரியர் நடந்துவரும்போது எங்கே சத்தம் கேட்கவில்லையோ அது நல்ல வகுப்பு. உள்ளே இருக்கும் ஐம்பது பேரில் எத்தனை பேருக்குக் கணக்கு புரிந்தது என்பது வராந்தா வரை கேட்பதில்லை. பி.எட். படிப்பை இரண்டு ஆண்டாக்கிப் பத்து வருடமாகிறது. இன்றும் கற்பித்தல் பயிற்சியைப் பார்வையிடப் பேராசிரியர் வருகிற அன்று பிள்ளைகள் கைகட்டி உட்கார்ந்திருப்பார்கள். கைகட்டாத வகுப்பை அந்தப் பயிற்சி ஆசிரியர் முதன்முதலில் பார்ப்பது சம்பளம் வாங்கத் தொடங்கிய பிறகுதான்.

எனக்குப் பதினான்கு வருட அனுபவம் இருந்தபோதே ஒரு தவளை என்னை ஓட ஓட விரட்டியது. ஒன்பதாம் வகுப்பு ‘ஆ’ பிரிவு. நான் கரும்பலகைப் பக்கம் திரும்பினால் பின்னாலிருந்து ‘கொர்ர்’ என்று ஒரு சத்தம். திரும்பிப் பார்த்தால் 54 முகங்களிலும் பால் வடியும். மிரட்டினேன், கெஞ்சினேன், வகுப்பு முழுவதையும் வெயிலில் நிறுத்தினேன். அது இன்று நினைத்தாலும் கூசுகிறது. கலந்தாய்வில் மாறுதல் கேட்டுவிடலாமா என்றுகூட யோசித்தேன். யாரிடமும் சொல்லவில்லை.

ஒருநாள் மதியம், டிபன் பாக்ஸைத் திறந்துகொண்டே சமூக அறிவியல் டீச்சர் கேட்டார்: “சார், உங்க பீரியட்லயும் தவள கத்துதா?” இரண்டு மாதமாக அவரும் மூடிமறைத்திருக்கிறார். அன்று இருவரும் சிரித்த சிரிப்பில் எனக்குப் பாதி உயிர் திரும்பிவிட்டது. தவளை இன்னும் பிடிபடவில்லை என்பதைக் கவனியுங்கள்.

அதற்குப் பிறகுதான் உருப்படியாக ஒன்று செய்தோம். பாடக்குறிப்பு நோட்டின் கடைசிப் பக்கத்தில், சத்தம் எப்போது வருகிறது என்று இருவரும் குறித்துவைத்தோம். இரண்டு வாரத்தில் விடை தெரிந்தது. பலகைக்கு ஒவ்வொருவராக நான் அழைக்கும் நாளிலும், பாடத்தை வரிசையாக வாசிக்கச் சொல்லி அவர் உட்காரும் நாளிலும்தான் தவளை கத்தியது. தன் முறை வராமல் தள்ளிப்போடுகிற ஒருவனின் தந்திரம் அது. கடைசி பெஞ்சில் ஆளும் கிடைத்தான். ஏழாம் வாய்ப்பாடு தெரியாது, தமிழே தடுக்கித் தடுக்கித்தான் வாசிப்பான். இந்த இடத்தில் குடிகாரத் தந்தை, இரவு வேலை என்று சோகக் கதையை எதிர்பார்ப்பீர்கள். அப்படி எதுவும் இல்லை. நன்றாகச் சாப்பிட்டு வளர்ந்த பிள்ளை. ஒவ்வொரு வகுப்பாகத் தேறிவந்தவனை யாரும் உட்காரவைத்து வாய்ப்பாடு கேட்கவில்லை, அவ்வளவுதான். அவனால் முடிகிற கணக்கை முந்தின நாளே சொல்லிவைத்துவிட்டுப் பலகைக்கு அழைக்கத் தொடங்கினேன். சத்தம் குறைந்தது. நிற்கவில்லை.

அமெரிக்க உளவியலாளர் ஜேக்கப் கௌனின் வகுப்பறைகளைப் படம்பிடித்து ஆராய்ந்து 1970இல் ஒரு நூல் வெளியிட்டார். வகுப்பை நன்றாக நடத்துபவரும் திணறுபவரும் குறும்பு நடந்த பிறகு செய்வதில் பெரிய வித்தியாசம் இல்லை; அது நடப்பதற்கு முன்பு பாடத்தை எப்படி நகர்த்துகிறார்கள், அறை முழுவதிலும் எப்படிக் கண் வைத்திருக்கிறார்கள் என்பதில்தான் வித்தியாசம் என்று அவர் கண்டார். கல்வியாளர் கிஜுபாய் பதேக்காவின் ‘பகல் கனவு’ நூலின் ஆசிரிய நாயகனும் முதல் நாள் அமைதி விளையாட்டு நடத்தப்போய் அவமானப்பட்டவன்தான். மறுநாள் கதையோடு வந்தான். குஜராத்தில் 1930களின் தொடக்கத்தில் எழுதப்பட்ட புத்தகத்தில் இருக்கிற அந்த வெளிப்படைத்தன்மை நம் ஸ்டாஃப் ரூமில் இல்லை.

2012இல் சென்னையில் ஓர் ஆசிரியையை ஒன்பதாம் வகுப்பு மாணவன் வகுப்பறையிலேயே குத்திக் கொன்றான். கொரோனா ஊரடங்குக்குப் பிறகு, 2022இல், ஆசிரியர்களை மாணவர்கள் மிரட்டும் வீடியோக்கள் வாட்ஸ்அப்பில் சுற்றின. அப்போதெல்லாம் “பிரம்பைத் திருப்பிக் கொடுங்கள்” என்ற குரல் எழுந்தது. கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு உடல்ரீதியான தண்டனையையும் மனரீதியான துன்புறுத்தலையும் தடைசெய்கிறது என்பது ஒருபுறம் இருக்கட்டும். நான் பிரம்பு இருந்த காலத்தில் வேலைக்குச் சேர்ந்தவன். அடித்த நாட்களில்தான் அதிகம் சோர்ந்து வீடு திரும்பியிருக்கிறேன். கத்தி, அடிதடி, மிரட்டல் எல்லாம் வேறு ரகம். அவற்றை நிர்வாகமும் பெற்றோரும் தேவைப்பட்டால் காவல் துறையும் கையாள வேண்டும். ‘மனம் தளராதீர்கள்’ என்று ஆசிரியரிடம் சொல்லிவிட்டு நழுவக் கூடாது.

ஆனால் பெரும்பாலான ஆசிரியர்களை வீழ்த்துவது கத்தி அல்ல, தவளைதான். அதற்குச் செலவில்லாத ஒரு வழி உண்டு. அக்கம்பக்கத்துப் பள்ளி ஆசிரியர்கள் கூடும் குறுவளமையக் கூட்டங்களில் படிவங்களும் பதிவேற்றங்களும் போக அரைமணி நேரம் ஒதுக்கி, அந்த மாதம் தன் கையை மீறிப்போன ஒரு பாடவேளையைப் பற்றி ஒவ்வொருவரும் பேசட்டும். அறிக்கை வேண்டாம், புகைப்படம் வேண்டாம். முதலில் பேச வேண்டியவர் தலைமையாசிரியர்.

- கட்டுரையாளர், ஓய்வுபெற்ற பட்டதாரி ஆசிரியர்; ஆசிரியர் பயிற்சிகளின் கருத்தாளர்.