சமையற்கட்டுக்கு எது துணை?

ஃபுட் புராசஸரா, பிளெண்டரா? சிராங்கூன் சாலைக் கடைகளில் இரண்டும் பளபளக்கும்போது இல்லத்தரசியின் மனம் தடுமாறுவது இயற்கையே. ஆனால், வீவக வீட்டுச் சமையலறையில் இரண்டுக்கும் இடமேது, சகோதரிகளே?

பிளெண்டரில் பொருள் சுழல நீர் வேண்டும். மோர், பழச்சாறு, சூப்புக்கு அது நன்று. கெட்டித் துவையலோ பிளேடுக்கு மேலே ஒட்டிக்கொண்டு நிற்கும். நீரை ஊற்றினால் துவையல் சட்னியாகிவிடும். ஃபுட் புராசஸர் காய் நறுக்கும், சப்பாத்தி மாவு பிசையும். மிளகாயும் மல்லியும் அதில் திப்பிதிப்பியாகவே நிற்கும்.

அன்றாடம் மசாலா அரைக்கும் குடும்பத்துக்கு நம் மிக்ஸியே ஏற்றது. அதன் சிறிய எஃகு ஜாடியில் கொஞ்சம் நீரிலேயே மசாலா மசியும். இட்லி மாவுக்கு மட்டும் கல் கிரைண்டரே மேல். மிக்ஸியின் வேகத்தில் மாவு சூடேறும். எப்போதாவதுதான் இட்லி என்றால், தேக்காவில் அரைத்த மாவே கிடைக்கிறது.

இந்தியாவிலிருந்து மிக்ஸி கொண்டுவருவோர் கவனிக்க: இரு நாட்டிலும் மின்சாரம் 230 வோல்ட்தான், பிளக் வேறு. உத்தரவாதம் இங்கே செல்லுமா என்பதையும் கேட்டறியுங்கள்.

கடைக்குப் புறப்படுமுன் ஒரு வாரச் சமையலை எழுதிப் பாருங்கள். அடிக்கடி செய்வது எதுவோ, அதற்கு உதவுவதையே வாங்குங்கள். சேமித்த பணத்தில் வாங்கிய பொருள் அலமாரி மேல் தூங்கினால் யாருக்கு லாபம்?