இரண்டு கடன் பத்திரங்கள்

மதிப்பிற்குரிய அமெரிக்கக் காங்கிரஸ் உறுப்பினர்களுக்கும் மாநில ஆளுநர்களுக்கும்,

நியூ ஜெர்சியில் குடியிருந்து வரி கட்டும் ஒரு தமிழன் எழுதும் மடல் இது. உங்களில் தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவர்களும் இருக்கிறார்கள். மற்றவர்களுக்கு அவர்கள் எடுத்துச் சொல்லட்டும்.

பிப்ரவரி பிறந்துவிட்டால் கறுப்பின வரலாற்று மாதம் என்று மேடை போட்டு, கறுப்பின இளைஞர்களுக்கு அறிவுரை சொல்லத் தொடங்கிவிடுகிறீர்கள். ஒரு சாரார், "கல்லூரிக்குப் போ, பட்டம் வாங்கு, குடும்பம் நிமிர்ந்துவிடும்" என்கிறீர்கள். இன்னொரு சாரார், "பட்டம் சோறு போடுமா? ஜே-ஸியைப் பார். பள்ளிப் படிப்பையே முடிக்காதவர். ஹிப் ஹாப் உலகின் முதல் பில்லியன் டாலர் பணக்காரர் என்று 2019-இல் ஃபோர்ப்ஸ் எழுதியது. சொந்தத் தொழில் தொடங்கு" என்கிறீர்கள். இரண்டுக்கும் கூட்டம் கை தட்டுகிறது. அறிவுரை சொன்ன யாரும் தங்கள் பையில் கை விடுவதில்லை.

இது பழைய வழக்கு. 1895-இல் அட்லாண்டாவில் பேசிய கறுப்பினத் தலைவர் புக்கர் டி. வாஷிங்டன், கைத்தொழிலும் வியாபாரமுமே தம் மக்களை முதலில் கரையேற்றும் என்றார். உயர்கல்வியையும் வாக்குரிமையையும் விட்டுக்கொடுத்துவிட்டு என்ன முன்னேற்றம் என்று 1903-இல் கறுப்பின அறிஞர் டு பாய்ஸ் அவரை எதிர்த்து எழுதினார். அடிமை முறை ஒழிந்து ஒரு தலைமுறைதான் ஆகியிருந்த அந்தக் காலத்தில் அந்த வாதத்துக்குப் பொருள் இருந்தது. இன்று அதனால் ஆதாயம் உங்களுக்குத்தான். எந்தச் சாலை நல்ல சாலை என்று அந்த மக்கள் தங்களுக்குள் பேசிக்கொண்டிருக்கும் வரை, இரண்டு சாலையிலும் சுங்கச்சாவடி போட்டு உட்கார்ந்திருப்பது யார் என்று கேட்க மாட்டார்கள் அல்லவா?

ஹிப் ஹாப் பிறந்த கதையே இரண்டு சாலைகளும் வேறல்ல என்பதற்குச் சாட்சி. 1973 ஆகஸ்ட் 11. நியூயார்க்கின் பிராங்ஸ் பகுதியில், செட்ஜ்விக் அவென்யூவில், 1520 என்ற கதவு எண்ணுள்ள அடுக்குமாடிக் கட்டடம். பக்கத்திலேயே, குடியிருப்புகளைப் பிளந்துகொண்டு நகரத் திட்ட அதிகாரி ராபர்ட் மோசஸ் போட்ட கிராஸ் பிராங்ஸ் விரைவுச்சாலை. அந்தக் கட்டடத்தில் இருந்த சிண்டி கேம்பல் என்ற பெண்ணுக்குப் பள்ளி திறக்குமுன் புதுத் துணி எடுக்கப் பணம் வேண்டியிருந்தது. கீழ்த்தளப் பொழுதுபோக்குக் கூடத்தை வாடகைக்குப் பிடித்தார். சின்னச் சின்ன அட்டைகளில் கையாலேயே அழைப்பு எழுதினார். பெண்களுக்கு 25 சென்ட், ஆண்களுக்கு 50 சென்ட் கட்டணம். இசைத்தட்டு சுழற்ற அண்ணன் கிளைவ் இருந்தார்; உலகம் அவரை டிஜே கூல் ஹெர்க் என்று அறியும். பள்ளிக்கூடம் போகத் துணி எடுக்கத்தான் ஹிப் ஹாப்பின் முதல் வசூல் நடந்தது.

பிறகும் அப்படித்தான். ராப் இசை வெளியிடும் டெஃப் ஜாம் நிறுவனம் 1984-இல் நியூயார்க் பல்கலைக்கழக மாணவர் விடுதியின் ஓர் அறையிலிருந்து எழுந்தது. பப்ளிக் எனிமி குழுவின் சக் டி, அடெல்ஃபி பல்கலைக்கழகத்தில் வரைகலை படித்தவர்; குழுவின் சின்னத்தை அவரே வரைந்தார். 2004-இல் 'தி காலேஜ் டிராப்அவுட்' என்று தன் முதல் ஆல்பத்துக்குப் பெயர் வைத்த கான்யே வெஸ்ட்டின் தாயார், சிகாகோ ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் ஆங்கிலப் பேராசிரியராக இருந்தவர். ராப் பாடகி மெகன் தி ஸ்டாலியன் புகழின் உச்சியில் இருந்துகொண்டே 2021-இல் டெக்சஸ் சதர்ன் பல்கலைக்கழகத்தில் பட்டம் வாங்கினார். கல்லூரியா, பாட்டா என்று பிரித்துப் பட்டிமன்றம் நடத்துபவர்கள் இவர்களை எந்த அணியில் உட்கார வைப்பார்கள்?

சரி, பணத்துக்கு வருவோம்.

இருபது வயது ராப் பாடகர் ஒருவர் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுகிறார். ஒரு கணக்குக்காக, 2 லட்சம் டாலர் அட்வான்ஸ், ராயல்டி 15 சதவீதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பாடல்கள் 10 லட்சம் டாலர் ஈட்டுகின்றன. அவர் பங்கு ஒன்றரை லட்சம். அது கைக்கு வராது, அட்வான்ஸில் கழித்துக்கொள்வார்கள். கொடுத்த அட்வான்ஸ் போக நிறுவனத்திடம் எட்டு லட்சம் இருக்கும். அதே நிறுவனத்தின் ஏட்டில் பாடகர் இன்னும் 50 ஆயிரம் பாக்கிக்காரர். வீடியோ எடுத்த செலவில் ஒரு பங்கையும் பெரும்பாலும் அவர் தலையில்தான் எழுதுவார்கள். பாக்கி முழுக்கத் தீர்ந்தாலும் மாஸ்டர், அதாவது மூல ஒலிப்பதிவின் உரிமை, நிறுவனத்துக்கே. அட்லாண்டாவின் டிஎல்சி குழுவின் மூன்று பெண்கள், தங்கள் ஆல்பம் லட்சக்கணக்கில் விற்றுக்கொண்டிருந்த 1995-இல் திவால் மனு கொடுத்தார்கள். ஊதாரித்தனம் என்று சிரித்தவர்கள் அந்த ஒப்பந்தத்தைப் படித்துப் பார்த்திருக்க மாட்டார்கள்.

மாஸ்டரை விடாமல் பிடித்துக்கொண்டவர்கள் பிழைத்தார்கள். நியூ ஆர்லியன்ஸின் ராப் பாடகர் மாஸ்டர் பி, 1996-இல் பிரையாரிட்டி நிறுவனத்திடம் விநியோகத்தை மட்டும் கொடுத்து, உரிமையைத் தன்னிடமே வைத்துக்கொண்டார். இந்தக் கதையை வணிக மேடைகளில் ஆர்வமாகச் சொல்கிறீர்கள். அவர் ஓக்லண்டின் மெரிட் கல்லூரியில் வணிகம் படித்ததையும், தாத்தாவின் மரணத்துக்குக் கிடைத்த இழப்பீட்டில் வந்த 10 ஆயிரம் டாலரைக் கொண்டுதான் முதல் இசைத்தட்டுக் கடையைத் திறந்தார் என்பதையும் மட்டும் விட்டுவிடுகிறீர்கள். கெட்டிக்காரர்தான், மறுக்கவில்லை. ஆனால் கையில் முதல் இருந்தது. அதைக் கொடுக்க ஒருவர் சாக வேண்டியிருந்தது.

இதில் உங்கள் கைவரிசையையும் சொல்ல வேண்டும். கலைஞர்கள் விற்ற உரிமையை 35 ஆண்டு கழித்துத் திரும்பக் கேட்கலாம் என்று 1976 பதிப்புரிமைச் சட்டம் சொல்கிறது. 1999 நவம்பரில், செயற்கைக்கோள் தொலைக்காட்சி பற்றிய ஒரு மசோதாவுக்குள், ஒலிப்பதிவுகளைக் கூலிக்குச் செய்துகொடுத்த வேலையாகக் கருதும் சில சொற்களைச் சத்தமில்லாமல் செருகினீர்கள். அப்படிக் கருதினால் 35 ஆண்டு உரிமை போச்சு. அந்தச் சொற்களை எழுதிய காங்கிரஸ் ஊழியர் சில மாதங்களில் இசைப்பதிவு நிறுவனங்களின் சங்கத்திலேயே வேலைக்குச் சேர்ந்தார். பாடகர்கள் கொதித்தெழுந்த பிறகு, 2000-இல் அதை ரத்து செய்தீர்கள். ஆனால் ஒலிப்பதிவு கூலி வேலையா இல்லையா என்பதைத் தெளிவாக எழுதி வைக்கவில்லை. எண்பதுகளின் கடைசியில் வந்த ஹிப் ஹாப் ஆல்பங்கள் 35 ஆண்டைத் தாண்டிவிட்டன. இன்று ஐம்பது, அறுபது வயதில் இருக்கும் அந்தக் கலைஞர்கள், தங்கள் குரலைத் திரும்பப் பெற வக்கீல் வைக்க வேண்டியிருக்கிறது.

இனி கல்லூரிச் சாலை. இதிலும் முதல் அடி கையெழுத்துதான். இங்கே கடன் பத்திரத்தில்.

மத்திய வங்கியின் 2022 கணக்கெடுப்பு இது. அமெரிக்க வெள்ளைக் குடும்பங்களை வரிசையாக நிறுத்தினால் நடுவில் நிற்கும் குடும்பத்தின் சொத்து 2,85,000 டாலர். கறுப்பினக் குடும்பங்களின் வரிசையில் நடுவில் நிற்பதற்கு 44,900. படித்தால் இந்தப் பள்ளம் நிரம்பும் என்கிறீர்கள். பொருளாதார அறிஞர்கள் வில்லியம் டாரிட்டியும் டாரிக் ஹாமில்டனும் வேறு சிலரும் சேர்ந்து 2018-இல் வெளியிட்ட ஆய்வறிக்கையோ, குடும்பத் தலைவர் பட்டதாரியாக உள்ள கறுப்பினக் குடும்பத்துக்கு, பள்ளியைக்கூட முடிக்காத வெள்ளைக் குடும்பத்தலைவரின் வீட்டைவிடச் சராசரியாகக் குறைந்த சொத்தே இருக்கிறது என்கிறது. அதே அறிக்கை, நாலு கறுப்பின நட்சத்திரங்கள் கோடீஸ்வரர் ஆனதை வைத்து இடைவெளி குறைகிறது என்று நம்புவதையும் கட்டுக்கதை என்று தள்ளுகிறது. சம்பளம் வேறு, சொத்து வேறு. பட்டம் சம்பளத்தைக் கூட்டும். சொத்து பாட்டன் வீட்டிலிருந்து வருவது.

அந்தப் பாட்டனுக்கு என்ன நடந்தது? இரண்டாம் உலகப் போரிலிருந்து திரும்பும் வீரர்களுக்கு வீடும் படிப்பும் தர 1944-இல் சட்டம் போட்டீர்கள். 1947-இல் மிசிசிப்பி மாநிலத்தில் அந்தச் சட்டத்தின் உத்தரவாதத்தோடு வழங்கிய வீடு, தொழில், பண்ணைக் கடன்கள் 3,229. அதில் கறுப்பின வீரர்களுக்குக் கிடைத்தவை 2. வெள்ளைப் பேரனின் கல்லூரிக் கட்டணத்தைப் பாட்டன் வீடு கட்டியது. கறுப்பினப் பேரன் கடன் வாங்கினான். ப்ரூக்கிங்ஸ் நிறுவனத்தின் 2016 ஆய்வுப்படி, பட்டம் வாங்கும் அன்று அவன் கடன் வெள்ளை மாணவனுடையதைவிட 7,400 டாலர் அதிகம். நாலு ஆண்டு கழித்து அவன் கடன் ஏறத்தாழ 53,000 டாலராக, வெள்ளை மாணவனின் கடனைப் போலக் கிட்டத்தட்ட இரு மடங்காக நிற்கிறது. திவால் மனு கொடுத்து டிஎல்சி தப்பியது. மாணவன் எளிதில் தப்ப முடியாதபடி 1998-இல் கதவைச் சாத்தியதும் நீங்கள்தான்.

எங்கள் ஆட்களிடமும் ஒரு வார்த்தை. வார இறுதி விருந்துகளில், "நாங்கள் வெறுங்கையோடு வந்து படிப்பால் முன்னேறவில்லையா?" என்ற பேச்சை அடிக்கடிக் கேட்கிறேன். 1965 குடியேற்றச் சட்டம் எங்களுக்குக் கதவைத் திறந்தது. கறுப்பின மக்களின் உரிமைப் போராட்டம் இல்லாமல் அந்தச் சட்டம் வந்திருக்காது. அதன் வழியே முதலில் வந்த எங்கள் மருத்துவர்களும் பொறியாளர்களும் பெரும்பாலும் அரசுக் கல்லூரிகளில் சொற்பக் கட்டணத்தில் படித்தவர்கள். செலவு இந்திய ஏழையின் வரிப்பணம். கடனில்லாத பட்டத்தோடு இறங்குவதற்குப் பெயர் வெறுங்கை அல்ல. ஆகவே எங்களை உதாரணம் காட்டி அவர்களுக்குப் பாடம் எடுக்காதீர்கள்.

இரண்டு சாலையும் கடந்த சில ஆண்டுகளில் இன்னும் குறுகிவிட்டன. 2023 ஜூன் 29-இல் கல்லூரிச் சேர்க்கையில் இனத்தைக் கருத்தில் கொள்வதை உச்ச நீதிமன்றம் தடுத்தது. மறுநாளே, ஜூன் 30-இல், கல்விக் கடன் தள்ளுபடியையும் தூக்கி எறிந்தது. அதே ஆண்டில், கறுப்பினப் பெண்களின் சிறு தொழில்களுக்கு 20,000 டாலர் உதவித்தொகை தந்துவந்த அட்லாண்டாவின் ஃபியர்லெஸ் ஃபண்ட் மீது வழக்குப் பாய்ந்தது. 2024-இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் எதிராகச் சொல்ல, அந்த உதவியை நிறுத்தினார்கள். கல்லூரிச் சேர்க்கை வழக்குக்கும் இந்த வழக்குக்கும் பின்னால் இருந்தவர் ஒரே ஆள், எட்வர்ட் ப்ளம். ஃபியர்லெஸ் ஃபண்ட் வழக்கில் அவர் கையில் எடுத்ததோ, விடுதலையான அடிமைகளுக்காக 1866-இல் எழுதிய சட்டம். 'படி' என்பவர்களும் 'தொழில் செய்' என்பவர்களும் சண்டை போட்டுக்கொண்டிருக்க, ஒரே ஆள் இரண்டு கதவுக்கும் பூட்டு வாங்கி வந்துவிட்டார்.

கோடீஸ்வரர்கள் பார்த்துக்கொள்வார்கள் என்றும் இருக்க முடியாது. கார்னெல் பல்கலைக்கழகத்தில் பொறியியல் படித்த ராபர்ட் எஃப். ஸ்மித் 2019-இல் மோர்ஹவுஸ் கல்லூரியின் அந்த ஆண்டு மாணவர்களின் கடனை, 3.4 கோடி டாலரை, தானே ஏற்றார். பெரிய மனசு. 2020-இல் படித்து முடித்தவர்கள் என்ன பாவம் செய்தார்கள்? ராப் கலைஞர் டாக்டர் ட்ரேயும் இசைத் தயாரிப்பாளர் ஜிம்மி அயோவினும் 2013-இல் 7 கோடி டாலரை ஏற்கெனவே பணக்காரக் கல்லூரியான தெற்குக் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்துக்குக் கொடுத்தார்கள். ஒரு கறுப்பினக் கல்லூரிக்குக் கொடுத்திருக்கலாமே என்று டில்லார்ட் பல்கலைக்கழகத் தலைவர் அப்போதே வெளிப்படையாக வருந்தினார். தனி மனிதர் பணம். எங்கே கொடுப்பது என்பது அவர் இஷ்டம். அரசின் கடமையை அவர் தலையில் கட்டக் கூடாது.

காங்கிரஸ் உறுப்பினர்களே, ஒலிப்பதிவு கூலி வேலை அல்ல என்று ஒற்றை வரியில் சட்டம் எழுதுங்கள். கல்விக் கடனுக்கும் மற்றக் கடன்களைப் போலத் திவால் வழியைத் திறந்துவிடுங்கள். குழந்தைகளுக்கு முதல் கொடுப்பதில் கனெக்டிகட் மாநிலத்தைப் பாருங்கள். 2023 ஜூலை முதல், அரசு மருத்துவக் காப்பீட்டில் பிறக்கும் ஒவ்வொரு ஏழைக் குழந்தையின் பெயரிலும் 3,200 டாலரை முதலீடு செய்கிறார்கள். பதினெட்டு வயதானபின் அதைக் கொண்டு படிக்கலாம், தொழில் தொடங்கலாம், வீடு வாங்கலாம். பிள்ளை முடிவு செய்துகொள்ளும். நீங்களும் 2025-இல் ஒரு கணக்குத் திட்டம் கொண்டுவந்தீர்கள். ஏழைக்கும் பணக்காரருக்கும் ஒரே 1,000 டாலர். அதற்குமேல் குடும்பம் ஆண்டுக்கு 5,000 வரை போடலாம். போட வக்குள்ள வீடு எது என்பது உங்களுக்குத் தெரியாததல்ல.

ஆளுநர்களே, 16 மாநிலங்களின் ஆளுநர்களுக்கு 2023 செப்டம்பரில் மத்திய கல்வி, விவசாய அமைச்சர்களிடமிருந்து கடிதம் வந்தது. மாநிலத்தின் கறுப்பின நிலக்கொடைப் பல்கலைக்கழகத்துக்கு வெள்ளையர் தொடங்கிய பல்கலைக்கழகத்துக்கு இணையாக நிதி தராததால், முப்பது ஆண்டுகளில் சேர்ந்த பாக்கி மொத்தம் 1,200 கோடி டாலருக்கு மேல் என்றது கடிதம். அதில் மிகப் பெரிய தொகை டென்னசி மாநிலத்தினுடையது, 210 கோடி டாலருக்கு மேல். அந்த மாநிலம் 2022-இல் 25 கோடி ஒதுக்கியிருந்தது உண்மைதான். கடிதம் வந்தபின் மிச்சத்தைத் தருவதற்குப் பதில், 2024 மார்ச்சில் டென்னசி ஸ்டேட் பல்கலைக்கழகத்தின் நிர்வாகக் குழுவையே கலைத்தார்கள்.

டென்னசி ஆளுநர் அவர்களே, அறிவுரை போதும். முதல் காசோலையை நீங்கள் எழுதுங்கள்.

இப்படிக்கு,
வரி செலுத்தும் ஒருவன்